பினாங்கு வீடுகளில் பறவைத் தட்டு: அக்டோபர் முதல் மார்ச் வரை

பினாங்குத் தீவில் செப்டம்பரில் வலுக்கும் மழை அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காய்கிறது. சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கமிருந்து வலசைப் பறவைகள் இறங்கி வந்து தங்குவதும் இந்த மாதங்களில்தான். முற்றத்தில் பறவைகளுக்குத் தட்டு வைக்கும் வீடுகளில் இந்தப் பருவத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று: ஈரத்தில் தீனி கெடக்கூடாது, தண்ணீரில் கொசு பெருகக்கூடாது, தட்டுக்கு வராத பறவைகளுக்கு மரத்திலும் புல்லிலும் இடம் இருக்க வேண்டும்.

தட்டு எதற்கு

ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகை தூரம்கூட இல்லை. பகலின் நீளம் ஆண்டு முழுவதும் சுமார் நாற்பது நிமிடம்தான் கூடிக் குறைகிறது. பனி மூடி இரை மறையும் குளிர்காலம் இங்கே கிடையாது. பிரிட்டனில் குளிர்கால இரவைத் தாண்ட ஒரு சிறு பறவைக்குத் தட்டுத் தீனி கைகொடுக்கலாம். இங்கே ஜெலுத்தோங்கில் இருக்கும் சின்னான் தட்டே இல்லாமல் பிழைத்துக்கொள்ளும். ஆகவே இங்கே தட்டு வைப்பது வீட்டார் பார்த்து மகிழத்தான். கொஞ்சமாக வைத்தால் போதும். எலியோ நோயுற்ற பறவையோ கண்ணில் பட்டால் அன்றே எடுத்துவிடலாம். பறவைக்கு அதனால் நட்டமில்லை.

யார், எப்போது வருகிறார்கள்

அக்டோபரில் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு எழுகிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் 7.30 ஆகிவிடுகிறது. விடிந்த முதல் இரண்டு மணி நேரமும், மாலை வெயில் தணிந்த பிறகும்தான் தட்டில் நடமாட்டம் அதிகம். பாதியாக வெட்டிய பப்பாளியை வேலிக்கம்பத்தில் அடித்த ஆணியில் குத்திவைத்தால், பெரும்பாலும் முதலில் வருவது வாலடி மஞ்சளான சின்னான். ஒன்று கொத்த, இணை பக்கத்துக் கொப்பில் காவல் இருக்கும். அடுத்து, இரத்தச் சிவப்புக் கண்ணும் பளபளக்கும் கரும்பச்சை உடலுமாகப் பெர்லிங் மைனாக்கள் கூட்டமாக இறங்கி இரைச்சல் போடும். மாங்குயிலும் குயிலும் பழத்துக்கு வருபவைதாம். ஆனால் ஆளரவம் கேட்டால் கிளையை விட்டு இறங்காது. பிடரியில் கறுப்புப் பட்டை ஓடும் மாங்குயில்களில் ஊர்ப் பறவையும் உண்டு, வடக்கிலிருந்து வந்து சேர்ந்ததும் உண்டு. பார்வையில் இரண்டையும் பிரிப்பது கடினம்.

தானியத்துக்கு வருபவை வேறு: சிட்டுக்குருவி, புள்ளிப்புறா, மெர்போக் எனப்படும் வரிப்புறா, சில்லை. பழுப்பு மைனாவும் கறுத்த ஜாவா மைனாவும் எதையும் விடுவதில்லை.

என்ன வைப்பது

பழுத்த பப்பாளி, வாழைப்பழம், கொய்யா ஆகியவை போதும். தானியமானால் கம்பு, தினை, நெல், ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி. ரொட்டி, பால், பிஸ்கட், உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிச்சச் சோறு வேண்டாம். மழைக்காலத்தில் வேர்க்கடலையைத் தவிர்ப்பது நல்லது. ஈரம் பட்ட கடலையில் பிடிக்கும் பூஞ்சணம் பறவையின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகிறது. தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடத் தேவையில்லை. இந்த வெப்பத்தில் அது ஒரே நாளில் புளித்துவிடும். ஒரு செம்பருத்திச் செடி அந்த வேலையைச் செய்யும்.

மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் காக்கைக்குச் சோறு வைப்பதும், பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைப்பதும் இந்தப் பருவத்திலோ அதன் தொடக்கத்தை ஒட்டியோ வருகின்றன. சிறு உருண்டை அளவில், தரையில் அல்லாமல் மதில்மேல் இலையில் வைத்து, காக்கை தின்றது போக மீதியை அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டால் சடங்கும் நிறைவேறும், இரவில் எலிக்கும் அழைப்பு போகாது. இந்த ஊர்க் காக்கை, ஆங்கிலேயர் காலத்தில் கிள்ளான் காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம். அது பெருகிய பிறகுதான், ஒருகாலத்தில் வலசைக்கு மட்டும் வந்துபோன குயில் அதன் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே ஊன்றிக்கொண்டது.

மழை மாதங்களில் தட்டுப் பராமரிப்பு

ஈரமும் எச்சமும் கலந்த தட்டுதான் நோய் பரவும் இடம். பிரிட்டனில் 2005 முதல் பச்சைப் பைஞ்சு (கிரீன்ஃபிஞ்ச்) பறவைகளின் எண்ணிக்கை சரிந்தது, தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயால். தட்டுகளில் பறவைகள் நெருங்கி உண்பதால் அது எளிதாகப் பரவியது. பினாங்கின் ஈரப்பதத்தில் கீழ்க்கண்ட ஒழுங்கு தேவை.

தட்டைக் கூரை விளிம்புக்குக் கீழே வைக்க வேண்டும். அடியில் நீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும். பழத்தை விடிந்ததும் வைத்து முற்பகலில் எடுத்துவிட வேண்டும். இரவில் தட்டு காலியாக இருக்க வேண்டும். மழையில் நனைந்த தானியத்தைக் காயவைத்து மறுபடி போடாமல் கொட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை சவர்க்காரத்தால் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் முழுக்க உலர்ந்த பிறகே தீனி போட வேண்டும். இறகை உப்பலாக்கிக்கொண்டு ஒரே இடத்தில் குந்தியிருக்கும் பறவையைக் கண்டால், தட்டை இரண்டு வாரமாவது எடுத்துவைக்க வேண்டும். செத்த பறவையை வெறுங்கையால் தொடக்கூடாது.

தண்ணீரும் டிங்கியும்

குளிக்கவும் குடிக்கவும் வைக்கும் தண்ணீர், தீனியைவிடக் கூடுதலாகப் பறவைகளை வரவழைக்கும். பூச்சி தின்னும் பறவையும் தண்ணீருக்கு இறங்கும். பூந்தொட்டியின் மண்தட்டு போதும். இரண்டு விரற்கடை ஆழம், நடுவில் கால் ஊன்ற ஒரு கல். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஏழு முதல் பத்து நாளில் வந்துவிடும். அதனால் தண்ணீரைத் தினமும் மாற்றுவதோடு, முட்டை ஒட்டியிருக்கும் விளிம்பையும் தேய்த்துக் கழுவ வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகள் பற்றிய 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசுப்புழு வளரும் நீரை வீட்டில் வைத்திருப்பது தண்டனைக்குரியது. பறவைக்கு வைத்த தட்டுக்கும் விலக்கில்லை. வெளியூர் போகும் வீட்டார் தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போவது நல்லது.

தட்டு வேண்டாத இடங்கள்

தண்ணீர்மலை, ஆயர் ஈத்தாம், தஞ்சோங் பூங்கா போன்ற மலையடி வீடுகளில் நீண்டவால் குரங்குகள் இறங்கும். ஒருநாள் பப்பாளி ருசி கண்ட குரங்கு மறுநாள் சமையலறைச் சன்னலைத் திறக்கப் பார்க்கும். அங்கே தட்டை விட்டு மரங்களை மட்டும் நம்புவதே சரி. நகரின் நடுவில் கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதையிலும் சந்தை வாசலிலும் புறாவுக்குத் தானியம் இறைக்கக்கூடாது. புறா எச்சம் பழைய சுண்ணாம்புச் சுவரை அரிக்கும். 2008இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற தெருக்களில் அந்தச் சேதம் சிறியதல்ல. அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் தீனி போட்டால் எச்சம் கீழ்வீட்டுத் துணியில் விழும். அங்கே பூச்செடி போதும். பூனை சுற்றும் முற்றத்தில் தட்டு புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

தட்டுக்கு வராத விருந்தாளிகள்

வலசை வருபவற்றுள் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. பப்பாளியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மின்கம்பியில் மாலையில் வரிசை கட்டும் தகைவிலான், வேலி நுனியில் உட்கார்ந்து வெட்டுக்கிளியைக் குறிபார்க்கும் பழுப்புக் கீச்சான், ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்தமரும் பழுப்பு ஈப்பிடிப்பான், உயரே வட்டமடித்துத் தும்பியைப் பிடிக்கும் நீலவால் பஞ்சுருட்டான் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுக்குச் செய்யக்கூடிய உதவி, பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பதும், முற்றத்தின் ஒரு மூலையில் சருகையும் புல்லையும் விட்டுவைப்பதும்தான். குண்டுகரிச்சான் எனும் முராயும் அந்த ஈரச் சருகைக் கிளறித்தான் வயிறு வளர்க்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆறுமணிக்குருவி இனத்தைச் சேர்ந்த நீலச்சிறகுப் பறவை இரவில் பயணம் செய்கையில் விளக்கொளியால் தடுமாறிக் கண்ணாடியில் மோதுவதுண்டு. இந்த மாதங்களில் இரவில் தேவையற்ற விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிட வேண்டும். தட்டைச் சன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வைத்தால் பறவை வேகம் எடுக்குமுன் கண்ணாடியை எட்டிவிடும். இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் வைக்கலாம். மோதி மயங்கிய பறவையைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், ஓரிரு மணி நேரம் கழித்து வெளியே திறந்துவிட வேண்டும். பறக்காவிட்டால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தெரிவிக்கலாம். வீட்டில் வளர்த்துக்கொள்ள முடியாது: 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம்.

மழைக்காலத்தில் நட வேண்டியவை

மழை நிற்குமுன் நட்ட செடி ஜனவரி வெயிலைத் தாங்கும். செம்பருத்தி, வெட்சி தேன்சிட்டுக்கு. தேன்பழ மரம் பூங்கொத்திக்கும் சின்னானுக்கும். கொல்லைப்புறக் கறிவேப்பிலையில் கறுத்த பழங்களைப் பறிக்காமல் விட்டால் சின்னான்கள் தாமே தேடி வரும். மாமரத்துப் புல்லுருவியை முழுக்க அறுக்காமல் ஒரு கொத்து விட்டுவைக்கலாம். செம்முதுகுப் பூங்கொத்தி அதன் பழத்தைத் தின்று, பசை ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்துவிடுவதைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

வெயில் மாதங்கள்

ஜனவரி, பிப்ரவரியில் தீனியைக் குறைத்துத் தண்ணீரைக் காலை, மதியம் இருவேளையும் மாற்ற வேண்டும். தட்டு நிழலில் இருக்க வேண்டும். கணக்கெடுப்புக்கும் ஏற்ற காலம் இது. தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகளவில் முற்றத்துப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இரண்டிலும் முறை ஒன்றே: பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் இருந்து, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிவது. தகைவிலான் முதலில் வந்த நாளையும் கடைசியாகத் தென்பட்ட நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்துவைத்தால், சில ஆண்டுகளில் அந்தத் தெருவின் வலசைக் கணக்கு கையில் இருக்கும்.

மார்ச்சில் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பத் தொடங்கும். ஊர்ப் பறவைகள் கூடு கட்டுவதில் மும்முரமாக இருக்கும். தேன்சிட்டு தன் பை போன்ற கூட்டைத் தாழ்வாரத் தொங்குசெடியிலோ துணிக்கொடியிலோ கட்டிவிட்டால், முட்டை முதல் குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் அதை இடம் மாற்றக்கூடாது. அந்த மாதம் துணியை வேறு கொடியில் காயப்போட வேண்டும்.