முதலில் காகிதம், பிறகு உதவித்தொகை, கடைசியில்தான் கடன்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. நீ ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியதில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. உன் அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பெங்களூரில் நர்ஸிங் சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் வந்து பேசினார், லோனும் அவரே எடுத்துத் தருவாராம், முன்பணத்தை மட்டும் இந்த வாரத்துக்குள் கட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. ஏன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

உன் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சேவைக்காக அரசு தருவது பென்ஷனோடு முடியவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் அதில் பங்கு உண்டு. அதைக் கேட்க உன் அப்பா கூச்சப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்த மனுஷன். ஆனால் இது யாரும் இரக்கப்பட்டுத் தருவது இல்லை, அவருக்குச் சேர வேண்டிய பாக்கி. அமெரிக்காவில் 1944-ல், இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, திரும்பி வரும் வீரர்களின் படிப்புக்குச் சட்டம் போட்டார்கள். அதனால் கல்லூரிக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அதை அவர்கள் தர்மமாக வாங்கவில்லை. நம் நாட்டில் அந்த உதவி பெரும்பாலும் வீரரின் பிள்ளைக்கு வருகிறது. அப்படி உன்னிடம் வருவதை நீ தலை நிமிர்ந்து வாங்கலாம்.

முதலில் பெரிய திட்டத்தைச் சொல்கிறேன். பிரதமர் கல்வி உதவித்தொகை. டில்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு 2006-07 முதல் நடத்துகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 5,500 பேருக்குக் கிடைக்கும், அதில் பாதி பெண்களுக்கு. பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆணுக்கு 2,500. ஆண்டுக்கு ஒரு தடவை மொத்தமாக வங்கிக் கணக்கில் விழும். உன் கணக்குக்கு வருஷம் 36,000. நாலு வருஷப் படிப்பென்றால் 1,44,000 ரூபாய். பி.டெக்., நர்ஸிங், பார்மஸி, மருத்துவம், பி.எட். போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும்தான். சாதாரண பி.ஏ., பி.எஸ்ஸி.க்கு இல்லை. ப்ளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். முதல் வருஷத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் இரண்டாம் வருஷத்தில் கதவு திறக்காது. பிறகு ஒவ்வொரு வருஷமும் 50 சதவீதத்துக்குக் குறையாமல் தேறினால்தான் அடுத்த வருஷப் பணம். இதில் போரில் உயிர் கொடுத்தவர்கள், ஊனமுற்றவர்கள், வீரப்பதக்கம் பெற்றவர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கே முன்னுரிமை. அப்பாவைப் போல வழக்கமாக ஓய்வு பெற்ற ஜவான்களின் பிள்ளைகள் கடைசிப் பிரிவில் வருவார்கள், அங்கே மதிப்பெண்தான் பேசும். அதனால் விண்ணப்பி, ஆனால் இது வரும் என்று நம்பி மட்டும் கல்லூரியில் சேராதே.

இரண்டாவது, பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வரும் கல்வி மானியம். ஹவில்தாரும் அதற்குக் கீழ் ரேங்கில் ஓய்வு பெற்றவர்களும் கேட்கலாம். இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி முடியும் வரை கிடைக்கும். முன்பு தலைக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். வகுப்பைத் தேறிய பிறகு, மதிப்பெண் பட்டியலோடு கேட்க வேண்டும். பி.ஏ.வுக்கும் பி.எஸ்ஸி.க்கும் இது பொருந்தும். உன் தம்பி பள்ளியில்தானே படிக்கிறான்? அவனுக்கும் கேட்கலாம், இதுவரை கேட்கவில்லை என்றால் இந்த வருஷத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கத்து வீட்டில் கணவரைப் பட்டாளத்தில் இழந்த அக்கா இருக்கிறாரே, அவர் எம்.ஏ. படிக்க நினைத்தால் இரண்டு வருஷத்துக்கு அவருக்கும் இதே மானியம் உண்டு. அவரிடமும் சொல்லிவிடு.

இனி படிப்பைப் பற்றி. உனக்கு மூன்று வழி இருக்கிறது. நர்ஸிங், பைனாவில் உள்ள இடுக்கி அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடத்தில் பி.டெக்., இல்லையென்றால் இங்கே எங்கள் பக்கத்தில் சித்தூர் அரசுக் கல்லூரியில் டிகிரி. பி.டெக். என்றால் ஏ.ஐ.சி.டி.இ. தரும் பிரகதி உதவித்தொகை இருக்கிறது. பெண்களுக்கு மட்டும், வருஷம் 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பொறியியல் நுழைவுக்கான கீம் விண்ணப்பத்தில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதைக் குறிக்காமல் விட்டுவிடாதே, பின்னால் சேர்க்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். சித்தூர் என்றால் கேரள உயர்கல்வி கவுன்சிலின் உதவித்தொகை இருக்கிறது. வருஷத்துக்கு 1,000 பேருக்குத் தருகிறார்கள், முதல் வருஷம் 12,000, அடுத்து 18,000, மூன்றாவது வருஷம் 24,000. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையும் உண்டு. உன் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் வருஷம் 12,000 ரூபாய். அதை தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் கேட்க வேண்டும். சித்தூருக்கு வந்தால் இன்னொன்றும் உண்டு. தங்க மாமா வீடு இருக்கிறது, ஹாஸ்டல் செலவு மிச்சம்.

எத்தனைக்கு வேண்டுமானாலும் விண்ணப்பி. ஆனால் பணம் வாங்கும்போது உறுதிமொழிப் பத்திரத்தை வரி விடாமல் படி. வேறு அரசு உதவி எதுவும் வாங்கவில்லை என்று பல திட்டங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். இரண்டு கிடைத்தால் பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை எழுதிக் கொடுத்து விட்டுவிடு. உதவித்தொகைக்காகப் படிப்பை மாற்றிக்கொள்ளாதே. பிடிக்காத படிப்பை 36,000 ரூபாய்க்காக நாலு வருஷம் சுமக்க முடியாது.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையில் நான் பலருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பணம் இல்லாமல் நின்ற படிப்பை விட, காகிதம் ஒத்துப்போகாமல் நின்ற உதவித்தொகையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார். அதில் உன் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் வேறு மாதிரி இருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் இருக்கும். பிறந்த தேதி ஒரு நாள் தள்ளியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புக்கை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் திருத்தம் என்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகமான சைனிக் ஆபீஸ் வழியாக வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட் ஆபீசுக்கு அப்பா கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் அட்மிஷனுக்குக் காத்திராமல் இப்போதே தொடங்கச் சொல்கிறேன். பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் தளத்திலும் குடும்ப விவரம் அதேபோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

இன்னொரு சிக்கல் நம்மைப் போன்றவர்களுக்கே உரியது. அப்பா பட்டாளத்தில் சேரும்போது உடுமலை விலாசம் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கத்துச் சைனிக் ஆபீசிலேயே பதிந்துகொண்டார். குடியிருப்பதோ மறையூரில். நீ படித்தது கேரளப் பள்ளியில், வருமானச் சான்று தருவது கேரள வில்லேஜ் ஆபீஸ். மனுவைச் சரிபார்ப்பது அவர் பதிந்திருக்கும் அலுவலகம். பதிவை இடுக்கி மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் நல்லது. அந்த அலுவலகத்துக்காகத் தொடுபுழா பக்கம் போய்வர ஒரு பகல் போகும், போகட்டும். மாநில நிதியிலிருந்து கேரளம் தரும் உதவிகளையும் அதே நாளில் அங்கே விசாரித்துவிடலாம். உடுமலையில் இருக்கும் உன் சித்தப்பா மகள் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வாங்குகிறாள், எனக்கும் வருமா என்று கேட்டிருந்தாய். வராது, கண்ணு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கே அது. முதல் பட்டதாரிச் சலுகையும் அங்குள்ளவர்களுக்குத்தான். அதை நினைத்து ஏங்காமல், நமக்கு இங்கே உரியதைக் கேட்டு வாங்குவோம்.

மலையாளத்தில் மனு எழுத வராது என்று தயங்க வேண்டாம். 1969-ம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அரசோடு தமிழில் எழுதும் உரிமை தந்திருக்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். அக்ஷயா மையத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போடும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தையும் நீ பார்த்த பிறகு அனுப்பச் சொல். ரசீதை வாங்கி வை. வங்கிக் கணக்கு உன் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருக்கட்டும்.

எஸ்டேட் லயத்தில் உன்னோடு படித்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல். பட்டியல் சாதியினர் என்று இங்கே சான்று வாங்க, 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தாவின் தோட்ட வேலைப் பதிவேடு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு என்று எது கிடைத்தாலும் இப்போதே தேடி எடுக்கட்டும். அந்தச் சான்று இருந்தால் கல்லூரிக் கட்டணத்தையே அரசு ஏற்கும். தேயிலை வாரியமும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி தருகிறது.

கடைசியாகக் கடன். உதவித்தொகை எல்லாம் போக மிச்சம் எவ்வளவு தேவை என்று கணக்கு எழுதிப் பார்த்த பிறகுதான் வங்கிப் படி ஏற வேண்டும். 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து வேண்டாம். ஏழரை லட்சம் வரை அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பு படித்தால் அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கும். அதற்குக் கல்லூரி உரிய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னால் உள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்கு ஜாமீனே இல்லாமல் கடன் கிடைக்கும். விண்ணப்பத்தை நீயே வித்யாலட்சுமி தளத்தில் போடலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

இப்போது அந்த ஏஜென்ட் சொன்னதை யோசித்துப் பார். கல்லூரியின் பெயரை முழுசாகச் சொல்லவில்லை. இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரத்தைக் காட்டவில்லை. கட்டண ரசீது தருவதாகச் சொல்லவில்லை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பிரதமர் உதவித்தொகையும் இல்லை, வட்டிச் சலுகையும் இல்லை, நாலு வருஷம் கழித்து நர்ஸாகப் பதிந்துகொள்ளவும் வழி இல்லை. கடன் மட்டும் அப்பாவின் பென்ஷனில் உட்கார்ந்துவிடும். நர்ஸிங்தான் உன் ஆசை என்றால் கேரளத்தில் அரசுக் கல்லூரி சேர்க்கைக்கு விண்ணப்பி. நர்ஸிங் அருமையான தொழில். அதை நேர் வழியில் படி.

அப்பாவுக்கும் ஒன்று. மாப்பிள்ளை, பட்டாளத்துக்குப் போனதால் விட்ட டிகிரியை நீங்களும் இக்னோவில் முடிக்கலாம், வயது தடையில்லை. மகள் படிக்கும் வீட்டில் அப்பாவும் புத்தகம் எடுத்தால் தம்பி தானாகப் படிப்பான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ., முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, எஸ்.எஸ்.எல்.சி. புக், ப்ளஸ் டூ மார்க் லிஸ்ட், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் இங்கே வாருங்கள். எங்கெங்கே பெயர் மாறியிருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து, திங்கட்கிழமையே முதல் மனுவை அனுப்பிவிடுவோம். அதுவரை யாருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் மாமா