வலைத்தளமும் வழியும்

ஓர் ஊருக்குப் புதியவராய் வருபவர் மூன்று வினாக்களுடன் தெருவில் நடக்கிறார். 'நான் இப்போது எங்கே இருக்கிறேன்? இங்கிருந்து எங்கெங்கே போகலாம்? புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது எப்படி?' வலைத்தளத்தையும் இம்மூன்று வினாக்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. வண்ணமும் படமும் கண்ணைக் கவரும். தேடி வந்த பொருளிடம் நம்மைக் கொண்டு சேர்ப்பது வழியமைப்பே ஆகும்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானவர் எஸ். ஆர். அரங்கநாதன். அவர் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்பவரின் காலம் வீணாகலாகாது என்னும் கருத்தினது. பின்னர், 1947 முதல், நம் தில்லிப் பல்கலைக் கழகத்திலேயே அவர் பணியாற்றினார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. நூலகத்துக்கு அவர் வகுத்த அளவுகோல் வலைத்தளத்துக்கும் பொருந்தும்.

இனி, சோதிக்கும் முறையைக் கூறுவேன். முகப்புப் பக்கத்திலிருந்து தொடங்குதல் கூடாது. இன்று நம்மிற் பலர் தேடுபொறியின் வழியே நேராக ஓர் உட்பக்கத்தில் வந்து இறங்குகிறோம். ஆகவே, ஏதேனும் ஓர் உட்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வினாக்களையும் கேட்க வேண்டும். ஸ்டீவ் குருக் என்னும் அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் இத்தகைய சோதனை உண்டு. கண்ணைக் கட்டி, காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், அறியாத இடத்தில் இறக்கிவிட்டாற் போல எண்ணிக் கொள்ளச் சொல்கிறார் அவர். இம்முறையில் மூன்று தளங்களை நான் ஆராய்ந்தேன்.

முதலாவது, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. எக்கட்டுரையைத் திறந்தாலும் தலைப்பு மேலே தெளிவாக நிற்கிறது. இருக்கும் இடம் விளங்கிவிடுகிறது. உள்ளடக்கப் பட்டியலும், அடியில் உள்ள பகுப்புகளும் போகத்தக்க இடங்களைக் காட்டுகின்றன. நீல எழுத்து, கட்டுரை உண்டு என்பதற்கு அடையாளம். சிவப்பு எழுத்து, அது இன்னும் எழுதப்படவில்லை என்பதற்கு அடையாளம். இல்லாத வழியை இல்லை என்று முன்னரே உரைப்பதும் நல்ல வழிகாட்டலன்றோ? ஆயினும் ஒரு குறை உண்டு. கட்டுரைக்குக் கட்டுரை தாவியபின், எவ்வழியே வந்தோம் என்பதைத் தளம் காட்டுவதில்லை. உலாவியின் பின்செல் பொத்தானே நமக்குத் துணை.

இரண்டாவது, 2012இல் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய 'கவ் டாட் யூகே'. எப்பணி எந்த அமைச்சகத்தைச் சேர்ந்தது என்பதைக் குடிமகன் அறிந்திருக்க வேண்டும் என்று இத்தளம் எதிர்பார்ப்பதில்லை. பிறப்பு, இறப்பு, திருமணம், கல்வி, வாகனம் ஓட்டுதல் என்று வாழ்வின் தேவைகளே இதன் தலைப்புகள். பல உட்பக்கங்களின் மேலே, முகப்பிலிருந்து அப்பக்கம் வரையுள்ள படிகள் ஒரு வரியாகத் தரப்பட்டுள்ளன. மூன்று வினாக்களுக்கும் அந்த ஒரு வரி விடை தருகிறது.

மூன்றாவது, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்த தமிழ்க் கருவூலம் இது. ஒவ்வொரு நூலுக்கும் எண் உண்டு. நூலின் பெயரோ ஆசிரியர் பெயரோ அறிந்தவர்க்கு வழி எளிது. எளிய பக்கங்களாதலால் மெலிந்த இணைப்பிலும் திறக்கின்றன. ஆனால், முல்லை நிலத்து மாலைப் பொழுதைப் பாடும் செய்யுட்கள் எங்கெங்கே உள்ளன என்று தேடுபவர்க்கு வழி அரிது. பெயர் தெரியாதவருக்கும் வழிவிடுவதே வழியமைப்பின் உயர்நிலை.

இதற்கு மருந்தும் அரங்கநாதனிடமே உண்டு. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியே குறிக்கிறது. இன்று துணி விற்கும் தளத்தில் விலை, அளவு, நிறம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து நாம் தேர்கிறோமே, அது இந்நெறியின்பாற்பட்டதே. சட்டைக்குக் கிடைத்த இவ்வசதி சங்கப் பாடலுக்கும் கிடைத்தல் வேண்டும். திணை, காலம், பாவகை, புலவர் என்னும் முகங்கள் நம்மிடம் முன்பே இருக்கின்றன.

மறைத்து வைக்கும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். 1981இல் செராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த மூன்று கோட்டுச் சின்னம், இன்று கைப்பேசித் திரைகளில் எங்கும் காணப்படுகிறது. சிறிய திரைக்கு அது தேவைதான். ஆயின், அகன்ற திரையிலும் வழிகளையெல்லாம் அதனுள் மறைப்பது, இடமிருந்தும் பெயர்ப் பலகையைச் சுருட்டி வைப்பதை ஒக்கும்.

இஃது அழகு பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று. உதவித்தொகை விண்ணப்பம் நூறு அறிவிப்புகளுக்கு நடுவே புதைந்து கிடந்தால், ஆங்கிலம் குறைவாகக் கற்ற சிற்றூர் மாணவன் அதைக் கண்டுபிடிப்பதற்குள் இறுதி நாள் கடந்துவிடும். இழப்பு அவனுக்கே, தளத்தை அமைத்தவருக்கு அன்று.

உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஊரூராய்த் தேடி அலைந்தார். 1894இல் புறநானூறு அச்சேறியது. அவ்வாறு கிடைத்த நூல்கள் இன்று கணினியிலும் ஏறிவிட்டன. ஆனால், தேடுவார்க்கு அகப்படாத நூல் பரண்மேற் கிடக்கும் சுவடியே ஆகும். கணினி பயிலும் மாணவத் தோழர்களே! ஏற்றுவதோடு நம் கடமை முடியவில்லை. எடுப்பதற்கு வழி அமைப்பதும் தமிழ்த் தொண்டே.