பஞ்சகாலமும் அன்றாட அலுவலும்



“காலை முதல் இரவு வரை ஓய்வின்றி உழைக்கிறோம், ஆயினும் எடுத்த காரியம் ஒன்றும் முடிந்தபாடில்லை” என்று அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதே பலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. குறை உழைப்பில் இல்லை. பொழுதை வகுத்துக்கொள்ளாமையில் உள்ளது. இதற்கு நம் பெரியோர் காட்டிய வழியே பஞ்சகால முறை. பாஞ்சராத்ர ஆகமம் விதிக்கும் இதனை ஸ்வாமி தேசிகன் (1268–1369) ‘பாஞ்சராத்ர ரக்ஷை’ என்னும் நூலில் விரிவாக விளக்கியருளினார்.

அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்பன அவ்வைந்து காலங்கள். விடியலில் நீராடி, நித்யகர்மாக்களை முடித்து, எம்பெருமானை அணுகி, அன்றைய பணிகள் இடையூறின்றி நிறைவேறப் பிரார்த்திப்பது அபிகமனம். ஆராதனத்திற்கு வேண்டிய திரவியங்களை நேர்மையான வழியில் ஈட்டித் திரட்டுவது உபாதானம். நடுப்பகலில் ஆராதிப்பது இஜ்யை. பிற்பகலில் நூல்களை ஓதுவது ஸ்வாத்யாயம். இரவில் எம்பெருமானைத் தியானித்து அவன் திருவடியில் ஒடுங்குவது யோகம்.

இதில் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு காலத்திற்கும் ஒரே கடமை. ஒன்றின் கடமை மற்றொன்றில் புகலாகாது. பூவைத் திரட்டும்போது பூவே நினைவு; ஆராதிக்கும்போது ஆராதனமே நினைவு.

இதை அடியேன் ஏட்டில் கற்றது பாடசாலையில். உண்மையில் கற்றதோ ஒரு பிழையினால். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உத்ஸவ காலத்தில், அலங்காராஸனத்தின் நடுவே, மாலை கட்டுபவருக்குத் தரவேண்டிய பாக்கிக் கணக்கு மனத்தில் ஓடியது. கை தன் போக்கில் இயங்கிற்று. தூபம் ஸமர்ப்பித்தோமா இல்லையா என்பதே நினைவில்லை. அருகில் நின்ற முதிய பரிசாரகர், “ஸ்வாமி, தூபம்” என்று மெல்லக் கூறினார். திரைக்கு வெளியே அடியார்கள் காத்திருந்தனர். அவர்கள் அறியவில்லை, எம்பெருமான் அறிவான் என்று அடியேனுக்கு உடல் குன்றியது. அன்று முதல் கணக்குக்கென்று முற்பகலில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், ஒதுக்கிவிட்டேன். அதற்கென ஓர் இடம் கிடைத்தபின், அது ஸந்நிதிக்குள் வருவதில்லை.

ஆராதன க்ரமமே நமக்கு ஒரு பாடம். தொடங்குமுன்பே அர்க்யம், பாத்யம், ஆசமநீயம், ஸ்நாநீயம், ஸர்வார்த்த தோயம் ஆகியவற்றுக்கான ஐந்து பாத்திரங்களிலும் தீர்த்தம் நிரப்பி வைக்கப்படுகிறது. நடுவே எழுந்து தேடும் அவசியமில்லை. பின்பு மந்த்ராஸனம் முதல் பர்யங்காஸனம் வரை ஆறு ஆஸனங்கள். முந்தையது நிறைவுறாமல் அடுத்தது தொடங்குவதில்லை.

அலுவலகம் செல்வோரும், கடை நடத்துவோரும், இல்லம் காப்போரும் இதை அப்படியே கைக்கொள்ளலாம். காலையில் கைபேசியைத் தொடுமுன் எம்பெருமானை வணங்கி, அன்று முடிக்கவேண்டிய முதன்மையான இரண்டு மூன்று காரியங்களை உறுதி செய்துகொள்க. அதுவே உங்கள் அபிகமனம். சம்பாத்தியத்திற்குரிய வேலை உபாதானம். அதற்கு வேண்டிய கருவிகளையும் காகிதங்களையும் முன்கூட்டியே எடுத்து வைத்து, ஒன்றை முடித்தபின் மற்றொன்றைத் தொடுக. இடையில் தோன்றும் நினைவுகளை ஒரு தாளில் குறித்துவைத்து, அவற்றுக்குரிய பொழுதில் கவனிக்க. உணவை எம்பெருமானுக்கு அமுது செய்வித்து, அமைதியாக உண்க. மாலையில் அரைமணி நேரமாவது நல்ல நூல் ஒன்றை ஓதுக.

பாடசாலைகளிலும் பிரதமை, அஷ்டமி போன்ற திதிகளில் அநத்யயனம் என்று புதிய பாடத்தை நிறுத்துவர். ஓய்வும் வகுக்கப்பட்ட கடமையே என்பதை மறவற்க.

இரவில், முடிந்ததையும் முடியாததையும் “இது உன்னுடையது” என்று அவன் திருவடியில் ஒப்படைத்துவிட்டு உறங்குக. முடியாததைப் படுக்கைக்குக் கொண்டுசெல்பவன் மறுநாளின் விடியலையும் இழக்கிறான்.

இவ்வுத்ஸவத்தை ஸேவிக்கும் பொழுதையும் ஸேவைக்கே கொடுத்து, அனைவரும் எம்பெருமான் திருவருளுக்குப் பாத்திரராக வேண்டுமென்று பிரார்த்தித்து அமைகிறேன்.