ஐடியாவைப் பொத்தி வைத்தால் காப்பாற்றிவிடலாமா?

ரியாலிட்டி ஷோவுக்கு நல்ல ஐடியா ஒன்று சிக்கிவிட்டால் அதைப் பொத்தி வைக்க வேண்டும், சேனலில் வாயைத் திறந்தால் சுட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை தொலைக்காட்சிக் கனவோடு இருப்பவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனாலேயே பலர் பாதியைச் சொல்லி, மீதியை விழுங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் ஒற்றை வரி ஐடியாவுக்குச் சட்டத்தில் சொந்தக்காரரே கிடையாது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் புகழ்பெற்ற 'ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்' திறமைப் போட்டியைப் போலவே நியூசிலாந்து ஒளிபரப்புக் கழகம் ஒன்றை நடத்தியபோது, பிரிட்டன் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிவந்த ஹியூயி கிரீன் வழக்குப் போட்டார். தலைப்பு, அவர் வழக்கமாகச் சொல்லும் வாசகங்கள், கைதட்டலின் அளவைக் காட்டும் கருவி எல்லாமே ஒத்துப்போயின. ஆனாலும் 1989இல் பிரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. வாராவாரம் மாறும் நிகழ்ச்சியில் நிலையாக நிற்கும் இந்தச் சில அம்சங்கள் மட்டும் ஒரு படைப்பு ஆகிவிடாது என்றது.

அப்படியானால் திருட்டே நடப்பதில்லையா? நடக்கிறது. பல ஆண்களிலிருந்து ஒரு பெண் தன் மணமகனைத் தேர்ந்தெடுக்கும் ரியாலிட்டி ஷோ கான்செப்ட்டை ஒரு சேனலுக்குக் கொடுத்தவர், அதே சாயலில் அந்தச் சேனலே நிகழ்ச்சி தயாரிப்பதை அறிந்து வழக்குத் தொடுத்தார். 2002இல் டெல்லி உயர் நீதிமன்றம் சேனலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வரன் தேடும் விஷயம் யாருக்கும் சொந்தமில்லைதான். ஆனால் அதைப் புதிய விதத்தில் கோத்து, எழுத்தில் விரித்து, நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்திருந்தார் அவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது. எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவிட்டேன், போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தப் பதிவு தேதிக்குச் சாட்சி சொல்லும், அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்தாலும் நாலு அம்சத்தை மாற்றி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. பல நேரங்களில் ஒன்றும் செய்ய முடியாது. 'சர்வைவர்' நிகழ்ச்சியை ஒளிபரப்பும் சிபிஎஸ், 'ஐ'ம் எ செலிப்ரிட்டி' தன் நிகழ்ச்சியின் நகல் என்று தடை கேட்டபோது 2003இல் நியூயார்க் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இருந்தும், ஆட்களைத் தீவில் விட்டு வாக்கெடுத்து வெளியேற்றும் 'சர்வைவர்' ஷோவை நாடு நாடாக உரிமம் பெற்றே எடுக்கிறார்கள். 2021இல் ஜீ தமிழுக்காக சான்சிபாரில் எடுத்ததும் அப்படித்தான். ஐடியா இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குப் பணம்? முந்தைய சீசன்களில் எது எடுபட்டது, எது சொதப்பியது என்ற அனுபவத்துக்குத்தான். அந்த ஷோவை உருவாக்கிய சார்லி பார்சன்ஸுக்கே பிரிட்டனில் முதலில் வழி பிறக்கவில்லை. 1997இல் ஸ்வீடன்தான் அதை முதலில் எடுத்துக் காட்டியது; அமெரிக்காவில் 2000இல்தான் வந்தது. ஐடியா அன்றும் அதேதான். எடுத்துக் காட்ட ஆள் கிடைத்ததுதான் வித்தியாசம்.

அனுபவமில்லாத புதியவர் ஒரு தயாரிப்பு நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு போவது நல்லது என்பேன். பங்கு குறையும், உண்மைதான். ஆனால் சேனல் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேதான் பதில் இருக்கும். ஒரு எபிசோடுக்கு என்ன செலவு, எத்தனை கேமரா, போட்டியாளர் நடுவில் விலகினால் என்ன, ஸ்பான்சரின் பொருள் எங்கே வரும், இரண்டாவது சீசனில் என்ன புதுசு? இவற்றுக்கு விடை எழுதிய குறிப்பை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, சந்திப்பு முடிந்த அன்றே பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சலும் போட்டுவிட வேண்டும்.