ஊழியம் என்பது யாது?

இராஜாங்க மந்திரிக்கும் சபைப் போதகருக்கும் ஆங்கிலத்தில் ‘மினிஸ்டர்’ என்ற ஒரே பெயர். இலத்தீனில் அது ஏவலாளைக் குறிக்கும். காரில் கொடி கட்டிச் செல்வோர் அதை மறப்பது வியப்பல்ல.

அதிலும் ஆழமானது ‘லெய்த்தூர்கியா’ என்னும் கிரேக்கச் சொல். பண்டைய ஆத்தேன்ஸ் நகரில் தனவந்தர் தம் சொந்தச் செலவில் போர்க்கப்பலைப் பராமரித்தல் போன்ற பொதுப்பணிக்கு அதுவே பெயர். அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதின நிருபம் 13-ம் அதிகாரத்தில், வரி வாங்கும் அதிகாரிகளை இச்சொல்லோடு தொடர்புடைய பெயரால் கடவுளின் ஊழியர் என்கிறார்; 15-ம் அதிகாரத்தில் சுவிசேஷம் போதிக்கும் தம்மையும் அப்படியே அழைக்கிறார். திவ்விய பூசை முதலிய திருவழிபாட்டுக்கும் திருச்சபை இப்பெயரையே வழங்குகிறது.

ஆகையால் தாலுகா கச்சேரியில் வேலை பார்க்கும் நம் பிள்ளை, ஒரு விதவையின் மனுவைக் கைக்கூலிக்காக நிறுத்திவைத்தால், அது வெறும் உத்தியோகக் குற்றமா? பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. வாங்கிய பணத்தையும் அவளிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.