கதீட்டர் போட்ட நோயாளி உங்கள் டியூட்டியில் இருந்தால்

வார்டில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு முதல் வாரமே சிறுநீர்க் கதீட்டர் போட்ட நோயாளிகள் வந்துவிடுவார்கள். டியூபைப் போடும் முறையை எல்லாரும் சொல்லித்தருவார்கள். போட்ட பிறகு அதில் என்ன நடக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிருமிக்கு இரண்டு வழி. நோயாளியின் குடலிலிருந்து வந்து தோலில் தங்கும் ஈ. கோலை போன்றவை டியூபின் வெளிப்புறத்தை ஒட்டியே மேலேறும். மற்றது உள்வழி: இணைப்பைக் கழற்றும்போது நுழையும், பேக்கிலிருந்து சிறுநீர் பின்னோக்கி ஓடும்போது ஏறும். இந்த இரண்டாவது வழியைத் திறப்பது பெரும்பாலும் நம் கைதான்.

ஏறிய கிருமி சும்மா மிதப்பதில்லை. டியூப் உரசி நீர்ப்பைச் சுவர் புண்படும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கசிந்து டியூபின் மேல் படிகிறது. என்டரோகாக்கஸ் அதைத்தான் பற்றிக்கொள்கிறது. ஒட்டிய கிருமிகள் பெருகி, வழவழப்பான படலம் ஒன்றைத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். அதற்குள் இருப்பவற்றை ஆன்டிபயாட்டிக்கால் முழுதாக அழிப்பது கடினம். புரோட்டியஸ் மிராபிலிஸ் இன்னும் பொல்லாதது. அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும்; சிறுநீரில் காரத்தன்மை ஏறும்; மக்னீசியம், கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படிகமாகி டியூபை அடைக்கும். அடைத்துப்போன டியூபை வெளியே எடுத்து நுனித்துளையைக் கையுறையோடு தடவிப் பாருங்கள், மணல் போல நெறுநெறுக்கும். அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் தண்ணீர் விட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லாருக்கும் சேர்ந்துவிடும். ஆகவே எந்தச் சுத்தத்தையும்விடப் பெரிய காப்பு, டியூபைச் சீக்கிரம் எடுப்பது. அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், கதீட்டர் போட்ட தங்கள் நோயாளிகளில் 28 சதவீதம் பேருக்கு அது இருப்பதே மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ரவுண்ட்ஸில் தயங்காமல் கேளுங்கள்: “சார், 12ஆம் பெட்டுக்கு இன்னைக்கு மூணாவது நாள். டியூப் எடுத்துடலாமா?” புதியவர் கேட்கக்கூடாத கேள்வி அல்ல இது.

நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பும் நேரத்தில் கவனமாக இருங்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் அவசரத்தில் பேக்கைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். பேக்கில் இருந்தது அப்படியே நீர்ப்பைக்குத் திரும்பும். கிளம்பும் முன் பேக்கைக் காலிசெய்யுங்கள், நீர்ப்பைக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் படவிடாதீர்கள். காலிசெய்ய ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜக். பேக்கின் குழாய்முனை அதில் இடிக்கக்கூடாது. டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சுத்தம் செய்யச் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம்.

சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாறுகிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் அனுப்பச் சொல்லாதீர்கள். படலம் படிந்த டியூபில் கிருமி வளரத்தான் செய்யும்; அறிகுறி இல்லாதவருக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் ஏறும். காய்ச்சல், குளிர், விலாவலி, முதியவருக்குத் திடீர்க் குழப்பம் என்றால் உடனே தெரிவியுங்கள். டியூப் போட்டு இரண்டு வாரம் கடந்திருந்தால், புது டியூப் மாற்றி அதிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்வார்கள். பேக்கிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்குள் சாம்பிள் லேபுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.