ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், காற்றையும் கவனிப்போம்



நம்ம குழுக்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு உறுப்பினருக்குப் பிரசவம் ஆனாலும், உடம்புக்கு முடியவில்லை என்றாலும், வண்டி பிடித்து ஏழெட்டுப் பேராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். சமீபத்தில் ஒரு குழுவோடு நாங்களும் அப்படிப் போயிருந்தோம். பிரசவ வார்டு. கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர். "பச்சை உடம்புக்காரி, காத்து படக்கூடாது" என்று ஒரு அம்மா ஜன்னலைச் சாத்தினார். வந்தவர்களில் ஒருவருக்கு நல்ல இருமல். நாங்களும் வாய் திறக்காமல்தான் நின்றோம். திரும்பி வரும்போதுதான் மனசு உறுத்தியது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

புகையை நினைத்துக்கொள்ளுங்கள்

ஃப்ளூ காய்ச்சல், தட்டம்மை, கொரோனா எல்லாமே வைரஸ் என்ற கிருமியால் வருபவை. நோய் உள்ளவர் இருமும்போது மட்டுமில்லை, பேசும்போதும் மூச்சு விடும்போதும் கூட, கண்ணுக்குத் தெரியாத துளிகளோடு கிருமி வெளியே வருகிறது. பெரிய துளி பக்கத்திலேயே கீழே விழுந்துவிடும். ரொம்பச் சின்னத் துளி உடனே விழாது. அடுப்புப் புகை மாதிரி மிதக்கும்.

கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு விறகு அடுப்பு எரித்தால் என்ன ஆகும்? மூலையில் இருப்பவருக்கும் கண் எரியும். ஜன்னலைத் திறந்தால் புகை வெளியே போய்விடும். கிருமியும் அப்படித்தான். மூடிய அறையில் ஆறடி தள்ளி நின்றால் மட்டும் போதாது. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கக்கூடும்.

ஹாங்காங்கில் நடந்தது

2003 மார்ச் மாதம் ஹாங்காங்கில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற ஆஸ்பத்திரியில் ஒருவர் காய்ச்சலோடு சேர்ந்தார். அது சார்ஸ் என்ற புது நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பொது வார்டில் வைத்து, நெபுலைசர் மெஷினில் மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள். அவரிடமிருந்தும், அவரால் நோய் வந்தவர்களிடமிருந்தும் அந்த ஆஸ்பத்திரியில் 138 பேருக்குத் தொற்றியது. 69 பேர் டாக்டர், நர்ஸ் போன்ற ஊழியர்கள். 16 பேர் மருத்துவ மாணவர்கள். மற்றவர்கள் நோயாளிகளும், பார்க்க வந்தவர்களும். நெபுலைசர் கிருமியைப் பரப்பியிருக்கலாம், வார்டில் காற்றோட்டமும் சரியில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். படித்த டாக்டர்களுக்கே இப்படி என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

எவ்வளவு காற்று வேண்டும்?

பொது வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக் காற்று வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது. ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால், நொடிக்கு நாலு குடம் காற்று! எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால்தான் இது நடக்கும். சாத்திய அறையில் ஃபேன் போட்டால் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

நாம் செய்யக்கூடியவை

1. சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் பார்க்கப் போக வேண்டாம். போனில் விசாரிக்கலாம்.
2. ஒரு நேரத்தில் இரண்டு பேர் போதும். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம்.
3. நர்ஸம்மாவிடம் கேட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
4. மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க் போடுங்கள். முந்தானையால் பொத்துவது அதற்கு ஈடாகாது. ஓரத்தில் இடைவெளி இல்லாத என்95 மாஸ்க் இன்னும் நல்லது.
5. ஓ.பி.யில் டோக்கன் வாங்கிய பிறகு வெளி வராந்தாவிலோ மரத்தடியிலோ காத்திருங்கள்.

பச்சை உடம்புக்காரிக்கு என்ன செய்வது? குளிர் படாமல் பார்ப்பது நல்லதுதான். காதுக்குத் துணி கட்டுங்கள், பிள்ளையை நன்றாகச் சுற்றி வையுங்கள், கட்டிலை ஜன்னலுக்கு நேராகப் போடாமல் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். பிறந்த பிள்ளையின் மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னது. நமக்கு வெறும் சளியாக வருவது, பிள்ளைக்கு மூச்சுத்திணறலாக மாறலாம்.

கூட்டத்தில் பேசுங்கள்

• கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது எத்தனை பேர் போனோம்? ஜன்னல் திறந்திருந்ததா?
• "உனக்கு இருமல் இருக்கு, நீ வர வேண்டாம்" என்று மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?

பேசி முடித்து, "பார்க்கப் போவது இரண்டு பேர், மற்றவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு" என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அன்பு குறையாது. பிள்ளையும் தாயும் சுகமாக வீடு வந்து சேருவார்கள்.